சுண்ணாம்புக் கோட்டில் ஒரு வீடு

முத்தையா அண்ணனை நான்கு பேர் அவர் படுத்திருந்த மர வாங்கோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரட்டுக் களத்தில் நான் சுண்ணாம்பால் போட்டிருந்த வாசலுக்கு முன்னால் வந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"நில்லு, நில்லு. வாசப்படி இருக்கு. பாத்து ஏறுங்க."

அங்கே படி எதுவும் இல்லை. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் வெறும் செம்மண் களம் அது. ஆனாலும் தூக்கி வந்த நால்வரும் ஒரு காலை உயர்த்தி வைத்துத்தான் உள்ளே போனார்கள். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. அவருடைய மனைவி பாக்கியம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கோடுகளுக்குள் தன் கணவருக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். இல்லையென்றால் அவர் சம்மதிக்கப் போவதில்லை. அவர் சம்மதிக்காவிட்டால் எட்டுக் குடும்பங்களுக்கும் வீடு இல்லை.

தேதி விஷயத்தில் நான் கண்டிப்பானவள் என்பது இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நான் எழுதும் மழைக்கும் நாள் குறித்து வைத்திருப்பேன் போலிருக்கிறது என்று கேகாலையிலிருந்து ஒரு வாசகர் கேலியாக எழுதியிருந்தார். குறித்து வைத்திருக்கிறேன்தான். ஆனால் இந்த ஒரு நாளுக்கு என்னிடம் தேதி இல்லை. அந்த வருடத்து நாட்குறிப்பு ஈரத்தில் ஊறி, அந்த வாரத்துப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. பிரிக்கப் போனால் மைதான் விரலில் வருகிறது.

அதனால் சுற்றிவளைத்துச் சொல்கிறேன். தெரணியகலைக் கடைத்தெருவில் வெசாக் பண்டிகையின் விளக்குக் கூடுகள் இன்னும் கழற்றப்படாமல் தொங்கின. அவற்றின் காகித வால்கள் மழையில் சாயம் போயிருந்தன. ரம்புட்டான் காய்த்திருந்தது, சிவக்கவில்லை. கொழும்பு வீதியில் சோதனைச் சாவடிகள் தளர்ந்திருந்த காலம். இவ்வளவு போதும்.

மேட்டில் விழுந்த வெடிப்பு

நான் பிறந்தது அந்த இறப்பர் தோட்டத்தின் கீழ் டிவிஷனில், ஒரே கூரையின் கீழ் எட்டுக் காம்பராக்கள், அதாவது ஒற்றை அறை வீடுகள், வரிசையாக இருந்த லயத்தில். என் அப்பா இறப்பர் பால் ஸ்டோரில் வேலை செய்தார். அவர் ஓய்வு பெற்றதும் நாங்கள் எஹலியகொடவுக்குக் குடிபோய்விட்டோம். எங்கள் காம்பராவுக்கு வேறு குடும்பம் வந்தது. ஆனாலும் இன்றைக்கும் நல்ல மழை பெய்தால், அந்த லயத்துத் தகரத்தின் சத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அதை நான் அளக்கிறேன்.

நாங்கள் போய்ச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு பெருமழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் வெடிப்பு விழுந்தது. முதலில் ஒரு கை நுழைந்தது. அடுத்த மழைக்குப் பிறகு ஒரு வாளியே உள்ளே போனது என்றார்கள். பார்க்க வந்த அதிகாரிகள், இனி அங்கே குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குடியிருக்க வேறு இடம் எது என்று சொல்லவில்லை.

அந்த இடம் ஒரு வீட்டுத் திட்டத்தின் வழியாக வந்தது. பழைய இறப்பர் நாற்றுமேடையைச் சமப்படுத்தி, இரண்டிரண்டாக ஒட்டிய எட்டு வீடுகள். கல்லும் சீமெந்தும் கூரையும் தருவார்கள். வேலையைக் குடும்பங்களே செய்துகொள்ள வேண்டும். நிபந்தனை ஒன்றுதான். மாதம் முடிவதற்குள் எட்டுக் குடும்பங்களும் வரைபடத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் மறுத்தாலும் அந்த முறை வேறு தோட்டத்துக்குப் போய்விடும்.

ஏழு குடும்பங்கள் சம்மதம் சொல்லிவிட்டன. பாக்கியம் அக்கா மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. தோட்டத் தலைவர் இரண்டு முறை வீட்டுக்குப் போய்ப் பேசினார். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மேடு எந்த மழையில் இறங்கும் என்று தெரியாமல் பிள்ளைகளோடு படுத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய கோபத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

குழாயும் டிஸ்க்கும்

இதில் நான் எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் கொழும்பில் படவரைஞர் பயிற்சி முடித்து, ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதலில் பலகையும் மைப்பேனாவும்தான். வரைந்த தாள்களைச் சுருட்டி, நீளமான பிளாஸ்டிக் குழாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவேன். பெயரையும் அடையாள அட்டையையும் பார்த்தபின், சோதனைச் சாவடியில் அந்தக் குழாயைப் பார்ப்பார்கள். திறக்கச் சொல்வார்கள். விரிக்கச் சொல்வார்கள். ஒரு முறை மழைத் தூறலில் ஒரு பள்ளிக்கூடத்தின் கக்கூஸ் வரைபடத்தை வீதியோரத்தில் முழுவதுமாக விரித்துக் காட்டியிருக்கிறேன். அந்த இளம் சிப்பாய் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, நாற்றம் வராதபடி ஜன்னலைப் பெரிதாக வைக்கச் சொன்னான்.

பிறகு அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அதற்கென்று தனி அறை, குளிர்சாதனம், செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். கறுப்புத் திரையில் மஞ்சளும் பச்சையுமாகக் கோடுகள். எனக்கு முதலில் பிடித்துப்போனது அதன் சுத்தம் இல்லை. ஒரு கட்டடம் முழுவதும் உள்ளங்கை அளவு டிஸ்க்குக்குள் அடங்கியதுதான். அதைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அவிசாவளைப் பஸ்ஸில் ஏறினால் யாரும் எதையும் விரிக்கச் சொல்வதில்லை. வேறு எந்தக் காரணமும் இல்லாமல், அந்த ஒன்றுக்காகவே நான் கணினியை நேசிக்கத் தொடங்கினேன்.

கீழ் டிவிஷன் வீட்டுத் திட்டத்தின் படங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது நானாகக் கேட்டு அந்த வேலையை வாங்கிக்கொண்டேன். வீட்டின் அமைப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தது: ஒரு ஹோல், இரண்டு அறைகள், குசினி, கழிப்பறை. அதை அந்த நிலத்தில் பொருத்துவதுதான் என் பங்கு.

கணினியில் எட்டு வீடுகளை வரைவதில்லை. ஒன்றைத்தான் வரைவோம், மற்றவை அதன் பிரதிகள். ஒரு வீட்டில் கதவை நகர்த்தினால் எட்டிலும் கதவு நகரும். எனக்கு அது அப்போது பெரிய அதிசயம்.

அதிசயம் அப்படியொன்றும் புதிதில்லை என்று தெரிந்தது தோட்டத்து ஒஃபிசுக்குப் போனபோது. கிளாக்கர் ஐயா ஒரு பழைய நீலத் தாளைச் சுவரில் காட்டினார். எங்கள் லயத்தின் மூல வரைபடம். அதிலும் ஒரு காம்பராவைத்தான் முழுமையாக வரைந்திருந்தார்கள். மற்ற ஏழும் வெறும் பெட்டிகள். அவற்றுக்குக் குறுக்கே 'இதைப் போலவே' என்று ஆங்கிலத்தில் சாய்வான எழுத்து. வரைந்தவரின் கை அழகாக இருந்தது. அவர் அந்த மலையைக் கண்ணால் பார்த்திருப்பாரா என்று யோசித்தேன்.

சாவித் தொரை

முத்தையா அண்ணன் பால் வெட்டுக்காரராக இருந்தவர். விழப்போகும் ஒரு கிளையை வெட்ட ஏறி, கிளையோடு விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அவரைக் காம்பராவுக்குள் கிடத்தினார்கள். இரண்டாம் நாளே, வெளியே போடச் சொன்னாராம். அன்றிலிருந்து அவருடைய இடம் இஸ்தோப்பு.

இஸ்தோப்பு என்பது லயத்துக் காம்பராவுக்கு முன்னால் திறந்து கிடக்கும் ஒடுக்கமான தாழ்வாரம். இடுப்பளவு அரைச்சுவர், மேலே கூரையின் நீட்டம், அவ்வளவுதான். டச்சுக்காரர் விட்டுப்போன சொல் என்று பின்னாளில் ஓர் அகராதியில் பார்த்தேன். அவர்கள் நாட்டில் அது வீட்டுக்கு முன்னாலுள்ள கல்படியாம். இங்கே வந்து அது அகன்று, ஒரு மனிதர் படுத்திருக்கிற அளவுக்கு ஆகியிருக்கிறது.

அந்த மனிதர் சும்மா படுத்திருக்கவில்லை. காலையில் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போகும்போது, தங்கள் காம்பராச் சாவிகளை அவர் தலைமாட்டு ஆணிகளில் மாட்டிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாவி கொடுப்பது அவர். குடும்பநலத் தாதி மிஸ்ஸி வந்தால் எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று சொல்வது அவர். வாழை மரத்தைக் கடிக்கும் ஆட்டை, படுத்தபடியே சத்தம் போட்டு அடுத்த டிவிஷன்வரை விரட்டுவதும் அவர்தான். போகிறவர்கள் வருகிறவர்கள் ஒரு கோப்பை தேத்தண்ணி கொடுப்பார்கள், புரண்டு படுக்கக் கைகொடுப்பார்கள். அதனால்தான் பாக்கியம் அக்கா விடியற்காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு பால் வெட்டப் போக முடிந்தது.

"தொரை பங்களாவுல இருக்காரா?" என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

"இருக்கேன். மனு இருந்தா வச்சிட்டுப் போ" என்பார்.

புது வீட்டில் இஸ்தோப்பு இல்லை. திட்டத்தின் விதியில் சுவருக்குள் அடங்கிய இடம்தான் வீடு. திறந்த இடம் வீட்டுக் கணக்கில் வராது. முன்சுவர், ஒரு கதவு, நெஞ்சு உயரத்தில் ஒரு ஜன்னல். இதைத் தாளில் பார்த்துப் புரிந்துகொண்ட ஒரே ஆள் பாக்கியம் அக்காதான். நான் தோட்டத்துக்குப் போன அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஒன் படத்துல அவர எங்க படுக்க வச்சிருக்க, மலரு?"

நான் ஹோலைக் காட்டினேன்.

"உள்ளுக்கா? கதவப் பூட்டிட்டு நான் மலைக்குப் போகணும். யாரு எட்டிப் பாப்பா? நான் வேலைய விட்டா ரெண்டு பேரும் எதத் திங்கிறது?" குரலைத் தாழ்த்தி, "இத அவருக்கு முன்னால சொல்ல முடியாது. அதான் வாய மூடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

படத்தில் நின்ற வெள்ளைக்காரி

திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜயதிலக்க என்பவர். எஹலியகொடக்காரர். அவருடைய தந்தை அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்த தோட்டத்து ஆட்களிடம் கற்ற தமிழ் அவருடையது. அவரிடம் நான் பாக்கியம் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவர், மற்றவர்களுக்கு இந்தப் படம் எவ்வளவு புரிந்திருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால், புரிவதற்காகக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்த வண்ணப் படத்தின் கதி எனக்குத் தெரியும். கணினியில் முப்பரிமாணமாகச் செய்த படம். வீட்டைச் சுற்றிப் புல்தரை, எந்த நாட்டிலும் நான் காணாத ஒரு மரம், முன்னால் ஒரு சிவப்புக் கார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நாயோடு நின்றாள். கணினியில் கடைச்சரக்குபோல ஆயத்தமாக இருக்கும் உருவங்கள் அவை. தலைவர் அதை எல்லோருக்கும் காட்டியபோது, காரும் கொடுப்பார்களா என்று ஒருவர் கேட்டாராம். முத்தையா அண்ணன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா எந்த லயத்துலருந்து வர்றாங்க?" என்று கேட்டாராம்.

ஜயதிலக்க சிரித்தார். பிறகு, "படம் வேணாம். நெலத்துல போடுவோம். வீடு எவ்வளவோ அவ்வளவு" என்றார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்துக்கு வந்தோம். கோயிலுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைத் தலைவர் கொடுத்தார். பால் சேர்க்கும் சிரட்டையில் துளை போட்டு, கயிறு பிடித்த இடமெல்லாம் சுண்ணாம்பை ஒழுகவிட்டோம். நான் தாளைப் பார்த்து அளவு சொன்னேன். ஜயதிலக்க காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு கயிறு பிடித்தார். ஒட்டிய இரண்டு வீடுகள். ஒன்று பாக்கியம் அக்காவுக்கு. மற்றது பக்கத்துக் காம்பரா ராணிக்கு. ராணி மாவனல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கலியாணம் செய்து வந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய்.

கோடு போட்டு முடிந்ததும் கூட்டம் உள்ளே புகுந்தது. புகுந்தவர்கள் எல்லோரும் சுவர்களை மிதித்துக்கொண்டுதான் புகுந்தார்கள். களத்தோரம் வாங்கில் கிடந்த முத்தையா அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏய், செவுத்து மேல நடக்காத. வாசல் வழியா வா."

அளவு பார்க்கும் அவசரத்தில் நானும் ஹோலிலிருந்து குசினிக்குக் குறுக்கே நடந்துவிட்டேன்.

"பாத்தீங்களா, வீட்ட வரஞ்ச புள்ளயே செவுத்துக்குள்ளாற பூந்து வருது" என்றார். அதன் பிறகு எல்லோரும் வாசல் வழியாகவே போனார்கள். பெண்கள் குசினியில் உட்கார்ந்து, இல்லாத அடுப்பை ஊதிப் பார்த்து, புகை எங்கே போகும் என்று கேட்டார்கள். ஒருத்தி கதவைச் சாத்துவதுபோலக் கையை வீசிவிட்டு, அறைக்குள் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றாள். லயத்தில் அவளுக்கு அறை என்று ஒன்று இருந்ததில்லை.

குடைதான் சுவர்

அதன் பிறகுதான் முத்தையா அண்ணனைத் தூக்கி வந்தார்கள். அறைக்குள் கொண்டுபோகப் பார்த்தார்கள். கதவுக்குள் வாங்கு திரும்பவில்லை. ஹோலில் இறக்கினார்கள்.

ஜயதிலக்க தன் கறுப்புக் குடையை விரித்து, முன்சுவர் வர வேண்டிய கோட்டில் பக்கவாட்டாகப் பிடித்தார். வாங்குக்கும் பாதைக்கும் நடுவே குடைத்துணி நின்றது.

"மாத்தயா, கொடையக் கொஞ்சம் எறக்குங்க. பாதை தெரியல."

"எறக்க ஏலாது, முத்தையா. இது செவுரு."

கூட்டம் சிரித்து ஓய்ந்தது. பாதையில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. வழக்கமாக முத்தையா அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். தலையைத் திருப்பினார், மறுபடியும் நேராக வைத்துக்கொண்டார்.

ஜயதிலக்க குடையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வாசல் வழியாகத்தான் போனார். வாங்கின் பக்கத்தில் குந்தி, தன் தலையை முத்தையா அண்ணனின் தலைக்குச் சமமாக வைத்துப் பார்த்தார். "மொகுத் பேன்னே நே" என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம்.

"மாத்தயாவுக்கு எந்திரிச்சா தெரியும்" என்றார் முத்தையா அண்ணன்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் எதையும் கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதன் பிறகு களத்தில் சிரிப்பு இல்லை. பீலியடியில் முகத்தைத் திருப்பிய பெண்களில் ஒருத்தி பாக்கியம் அக்காவின் பக்கத்தில் போய் நின்றாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். அப்படியென்றால் எட்டு வீட்டுக்கும் முன்சுவரை உள்ளே தள்ளி இஸ்தோப்பு வைத்துவிடலாமே என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

ராணி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, தன் பங்கு வீட்டின் முன்கோட்டில் நின்றாள்.

"எனக்கு வேணாம்."

"ஏன் புள்ள?"

"என் மூத்தவன பள்ளிக்கூடத்துல லயத்துப் புள்ளன்னுதான் கூப்புடுறாங்க. இஸ்தோப்பு வச்சு வரிசையாக் கட்டினா அதுவும் லயந்தான். புது லயம். எனக்கு முன்னால செவுரு வேணும். கதவு வேணும். வெளியில நிக்கிறவங்க தட்டிட்டு உள்ள வரணும்."

"அப்ப அந்த மனுசன் எங்க போவாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவரப் போகச் சொன்னேனா? என் வீட்டப் பத்திப் பேசுறேன்."

பாக்கியம் அக்கா அன்று முதல்முறையாகப் பேசினார். "பேசு தாயி. அது ஒன் வீடு. நான் என் வீட்டத்தான் கேக்குறேன்."

நான் குடையைப் பிடித்தபடி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். கொழும்பில் யாராவது ஊர் கேட்டால், வெகுநாள்வரை எஹலியகொட என்றுதான் சொல்லி வந்தேன்; லயத்தைச் சொன்னதில்லை. ராணி சொல்வது எனக்கு விளங்கியது. பாக்கியம் அக்கா சொல்வதும் விளங்கியது. என் வரைபடத்தில்தான் இரண்டுக்கும் சேர்த்து இடம் இல்லை.

ஜயதிலக்க என்னைப் பார்த்தார். எட்டும் ஒரே வீடு, ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும் என்று அவருக்குச் சொன்னேன்.

"ஏன், அந்தக் கம்ப்யூட்டருக்கு ரெண்டு வீடு தெரியாதா?" என்று வாங்கிலிருந்து குரல் வந்தது.

கம்ப்யூட்டருக்குத் தெரியும், எட்டுக்கும் ஒரே வரைபடம்தான் என்று ஒஃபிஸ்தான் விடாது என்றேன்.

புள்ளிக் கோடு

அந்தப் பக்கங்களில் மழை முதலில் எதிர் மலையின் இறப்பர் இலைகளில் கேட்கும். பிறகு ஆற்றின் மேல். பிறகுதான் தலையில் விழும். எதிர் மலையில் சத்தம் தொடங்கிவிட்டது. மழை வந்தால் கோடு அழியும். சுண்ணாம்பு முடிந்திருந்தது. எல்லோரும் கூடியிருக்கும் இன்னொரு ஞாயிறு அந்த மாதத்தில் இல்லை.

ஜயதிலக்க அவசரமாக நாலைந்து கருங்கற்களைப் பொறுக்கி வந்தார். முன்கோட்டின் மூலைகளில் ஒவ்வொன்றாக வைத்தார்.

"இது தூண். இது தூண். கூரைய இதுதான் பிடிக்கிறது." பிறகு கோட்டைக் காலால் தொட்டார். "இந்தச் செவுரு கூரையப் பிடிக்கல. சும்மா மறைவுக்கு. இங்கயும் வரலாம்." வாங்கின் நீளத்துக்கு உள்ளே நடந்து நின்றார். "இங்கயும் வரலாம். அத்திவாரம் ஒண்ணு, கூரை ஒண்ணு."

அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. இரண்டு வீடு வரைய வேண்டியதில்லை. ஒரே வீடுதான். முன்சுவரை முழுக் கோடாக இல்லாமல், இரண்டு இடத்திலும் புள்ளிக் கோடாக விட்டால் போதும். எந்தக் கோட்டில் கல் வைப்பது என்பது அந்தந்த வீட்டுக்காரர் பாடு. எட்டிலும் புள்ளிக் கோடு வரட்டும்.

தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். முதல் துளிகள் அதன்மேல் விழுந்தன.

"அப்ப நான் மூடிக்கலாமா?" என்றாள் ராணி.

"மூடலாம்" என்றார் ஜயதிலக்க.

"நான் தொறந்தே வச்சுக்கலாமா?" என்றார் பாக்கியம் அக்கா.

"ஹரி, சரி, வைக்கலாம்."

"நாளைக்கு ஒங்க ஒஃபிஸ்ல முடியாதுன்னு சொன்னா?"

"கையெழுத்து என்னோடது" என்றார் ஜயதிலக்க.

பாக்கியம் அக்கா கணவரைப் பார்த்தார். அவர் முகத்தில் துளிகள் விழத் தொடங்கியிருந்தன.

"என்னப் பாத்துக்கிட்டு நின்னா எப்புடி? சீக்கிரம் சொல்லு. நனையப் போறது நாந்தான்."

"சரிங்க மாத்தயா. எனக்குச் சம்மதம்."

நால்வர் வாங்கைத் தூக்கினார்கள். அந்த மழையிலும் வாசல் வழியாகத்தான் வெளியே போனார்கள். நாங்கள் கோயில் கூரைக்கு ஓடி, அங்கிருந்து பார்த்தோம். சுவர்கள் கரைந்து, பால் சிந்தியதுபோல வெள்ளையாக ஓடி வடிகானுக்குள் இறங்கின. கருங்கற்கள் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன.

நன்றிக்குரிய ஒரு கையெழுத்து

கொழும்பில் எங்கள் பிரிவுத் தலைவர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, முன்சுவர் எங்கே இருக்கிறது என்று இவளுக்கே தெரியவில்லையா என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஒரு வரைபடத்தின் வேலையே எது எங்கே என்று சொல்வது. அப்படித்தான் எனக்கும் கற்றுத் தந்திருந்தார்கள். கட்டடம் பற்றி அதற்குப் பிறகு நிறைய வாசித்திருக்கிறேன். மனிதர் முடிவு செய்ய இடம் விடும் கட்டடத்தைப் பற்றி தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை வாசிக்கும்போதெல்லாம் ஒரு கறுப்புக் குடைதான் நினைவுக்கு வரும்.

ஜயதிலக்க நேரில் வந்தார். அலுவலகத்துக்குள் இரண்டு மணித்தியாலம் இருந்தார். திட்டம் கேட்கும் இடம் முழுவதும் கூரைக்குக் கீழே இருக்கிறது, சுவர் தள்ளி வந்தால் அந்தக் கேள்விக்குத் தான் பதில் சொல்வதாகச் சொன்னாராம். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வரைபடத்தின் மூலையில் அவருடைய பெயர் இருந்தது. மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன.

பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார். தமிழ் பேசத் தெரியுமே தவிர வாசிக்கத் தெரியாது. இந்தப் பக்கத்தை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டினால் நான் கடமைப்பட்டவளாவேன். அவர் அன்று குந்திப் பார்த்திராவிட்டால் நான் இன்னும் ஒரு வீட்டை வரைந்து ஏழு பிரதி எடுத்துக்கொண்டிருப்பேன்.

வீடுகள் எழும்ப வெகுநாள் எடுத்தது. வேலையில்லாத நாட்களில்தான் கட்ட முடியும். மழை இல்லாத நாட்கள் அதிலும் குறைவு. ஆற்று மணலைப் பெண்கள் சாக்கில் தலைச்சுமையாக ஏற்றினார்கள். எட்டுக் குடும்பமும் சேர்ந்து ஒவ்வொரு வீடாகக் கட்டினார்கள். முதலில் அத்திவாரம் போட்டது பாக்கியம் அக்கா வீட்டுக்கு. வாங்கை வைத்து அளந்து இஸ்தோப்பின் அகலத்தை முடிவு செய்தார்கள். ராணியின் வீட்டுக்கு முன்சுவர் வெளிக்கோட்டிலேயே எழும்பியது. மற்றவர்களில் சிலர் மூடினார்கள், சிலர் திறந்து விட்டார்கள். ஒருவர் பாதி மூடினார். அதற்கு என் வரைபடத்தில் கோடே இல்லை.

குடிபுகுந்த பிறகு வந்த ஒரு விடுமுறையில் நான் போனேன். அந்த நாளின் பக்கம் என் நாட்குறிப்பில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தேதியை இங்கே எழுதாமல் விடுகிறேன். முதல் நாளுக்குத் தேதி இல்லாதபோது இதற்கு மட்டும் எதற்கு?

பழைய நாற்றுமேடையில் புதுச் சீமெந்து வாசனையும் பால் ஸ்டோரின் புளித்த வாசனையும் கலந்து வந்தன. ராணியின் வீட்டுக் கதவு நீலப் பெயின்ட் அடித்துப் பூட்டியிருந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஒட்டிய அடுத்த வீட்டில், அரைச்சுவருக்கு உள்ளே, முத்தையா அண்ணன் தன் வாங்கில் படுத்திருந்தார். தலைமாட்டில் புதிய ஆணிகள் வரிசையாக அடித்திருந்தன. முதல் ஆணியில் நீல நூல் கட்டிய சாவி தொங்கியது.

என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். அரைச்சுவருக்கு நேராக நான் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு செவுத்துக்குள்ளாற பூந்து வந்தியே, தாயி" என்றார். "இப்ப பூந்து வா, பாப்போம்."

நான் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாகப் போனேன். வாசலில் படி இருந்தது.